இருபத்து மூணு குலை

பெரட்டுக் களத்தில் வேன் வந்து நின்றது.
கோலாலம்பூர் ஆள்கள். குடை, கேமரா,
பிளாஸ்டிக் ஈட்டி ஒரு கட்டு.
காட்டுக் கூட்டம் வேணுமாம், பதினஞ்சு பேர்.
ஆளுக்கு அறுபது வெள்ளி, சாப்பாடு உண்டு.
மண்டோர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.
நிறம் போதும் என்றார்கள்.
போதாதவர்களுக்கு டப்பாவில் கரி இருந்தது.

நானும் கமலவேணியும், உதிரிப்பழம் பொறுக்கும் இன்னும் சிலரும்.
இடுப்பில் சணல். தலையில் இறகு,
பீடோர் சந்தைக் கோழியுடையது,
வாடை இன்னும் போகவில்லை.

ஜெனரேட்டர் லாரியை ஓட்டிவந்தவர் பா அங்கா.
செமாய்க்காரர், மலையடியில் வீடு.
பேராக் கால்பந்துச் சட்டையோடு
காப்பி குடித்துக்கொண்டே ஃபிரேமுக்குள் வந்துவிட்டார்.
"பாங், ஓரமா நில்லுங்க,
இது காட்டு ஆளுங்க சீன்."
ஓரமாக நின்றார்.

கத்துங்க, என்றார் இயக்குநர்.
எதையாவது. யாருக்கும் புரியக் கூடாது.
எங்களுக்குக் கத்தத் தெரிந்தது ஒன்றுதான்.
கமலவேணி ஆரம்பித்தாள்:
இருபத்து மூணு குலை! அதுல ரெண்டு காய்!
குறிச்சுக்கோ கிராணி, குறிச்சுக்கோ!
ஈட்டியைத் தூக்கித் தூக்கி
குறிச்சுக்கோ குறிச்சுக்கோ என்று
நெருப்பைச் சுற்றி வந்தோம்.

எட்டு மாதம் கழித்து, பெக்கானில் மாமாக் கடை டிவியில்
மேலே நாங்கள்.
கீழே மலாய் எழுத்து:
வனத்தின் ஆவிகள் ரத்தம் கேட்கின்றன.
கடையே சிரித்தது. நானும்.
"அசல் சக்காய் மாதிரியே இருக்கேடி"
டிவிக்கு அடியில் இருந்த ஆள் சொன்னான்.
அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் உண்டு,
குளிக்காத பிள்ளையைத் திட்ட.

அப்போதுதான் பார்த்தேன்.
ஓர மேசையில் பெத்தாய் மூட்டையோடு பா அங்கா,
பக்கத்தில் பள்ளிச் சட்டையில் மகள்.
அவள் ஏதோ கேட்டாள்,
அவர் காதோடு சொன்னார்.
அவள் என் பக்கம் திரும்பி
கரி இல்லாத முகத்தில் எதையோ தேடினாள்.

எழுந்து போய், வேறொன்றும் தோன்றாமல்,
பெத்தாய் என்ன விலை என்றேன்.
"இருபத்து மூணு வேணுமா?"
தமிழில்.
எங்கள் தோட்டத்துப் பழத்தை
ஆறு வருஷம் ஏற்றிய லாரி அது.
சிரிக்கவில்லை. எண்ணிப் போட்டார்,
ஒண்ணு, ரெண்டு, மூணு,
முடியும் வரை நின்றேன்.

நன்றி சொல்லவாவது
அவர் மொழியில் என்னிடம் ஒரு சொல் இல்லை.
அவர்களுக்கென்று எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை
டிவிக்கு அடியில் இருந்தவன் சொல்லி முடித்திருந்தான்.

பாக்கி மூணு வெள்ளி.
நீட்டியபடியே இருந்தார்.