கண்ணாடிக்குச் சேதமில்லை

பறவை சமைப்பது என் வேலை.

ஒரு பங்கு ஜெலட்டின், ஒன்பது பங்கு நீர்.
கொதிக்க விடக்கூடாது.
நுரையைக் கரண்டியால் ஒதுக்கி
அச்சில் ஊற்றி ஓரிரவு குளிரில் வைத்தால்
காலையில் கிடக்கும்
ஒரு கிலோ எண்ணூறு கிராம் உருளை,
இருமுனையும் மழுங்கியது.
அலகில்லை, சிறகில்லை,
பனிக்காலத்தில் போய்ச்சேர ஒரு தென்திசையும் இல்லை.
தொட்டால் மட்டும் நடுங்கும்.

இதற்கு முன் பதினோரு வருடம்
பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தேன்.
பிள்ளைகள் என் உழைப்பைத் தட்டில் மிச்சம் வைப்பார்கள்.
ஹில்லெவி மிச்சமே வைப்பதில்லை.

லின்ஷோப்பிங் நகரத்துக்கு வெளியே
பழைய விமானக் கொட்டகை.
உள்ளே பன்னிரண்டு மீட்டர் குழாய்.
ஒரு முனையில் அடைத்துவைத்த காற்று,
மறுமுனையில்
விமானியின் முகத்துக்கு முன் இருக்கவேண்டிய கண்ணாடி.
சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள்
காதுறை மாட்டி, வாயைப் பிளந்து நிற்போம்.
யெர்கர் பத்திலிருந்து கீழே எண்ணுவான்.
பிறகு சத்தம்.
சத்தம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

கண் இமைக்கும் நேரம் என்கிறோமே,
இங்கே அது ஒரு யுகம்.
அதற்குள் நூறு பறவைகள் மோதி முடிக்கலாம்.

நொடியை இருபதாயிரமாய் நறுக்கித்
திரையில் ஒவ்வொன்றாய்ப் போடுவாள் ஹில்லெவி:
இதோ வருகிறது. இதோ தொடுகிறது.
இதோ கண்ணாடி, கல்விழுந்த குளமாய்
வளைந்து கொடுக்கிறது.
"இந்தப் படத்தில் பாருங்கள்.
இங்கே இது பறவை இல்லை, தண்ணீர்."
வேகம் போதுமென்றால்
எலும்பும் தசையும் கணக்கில் வராதாம்.
அடர்த்தி வேண்டும், வேகம் வேண்டும், அவ்வளவுதான்.
எனக்கு அது சமையல் குறிப்பு மாதிரிப் பட்டது.

அக்டோபரில் ஒரு கண்ணாடி
தாங்கவேண்டிய வேகத்தில் தாங்கவில்லை.
மூன்று நாள் அவள் வீட்டுக்குப் போனதாய்த் தெரியவில்லை.
விரிசலின் மேல் பின்னோக்கி நடந்து
அது பிறந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.
அடி விழுந்தது நடுவில்.
உடைந்தது மூலையில்,
அளவுக்கு மீறி முறுக்கிய ஒரு திருகாணியடியில்.

முறுக்கியவன் நான்.

யார் என்று அவள் கேட்கவில்லை.
அறிக்கையில் 'பொருத்துதல் பிழை' என்று இருந்தது.
அன்றைக்கு அந்தச் சொல்லை
நாலைந்து முறை படித்தேன்.

ஜனவரியில், வாசல் ரோவன் மரத்தில்
புளித்துப்போன பழத்தைத் தின்று
பட்டுவால் குருவிகளுக்குப் போதை ஏறியிருந்தது.
மதியச் சாப்பாட்டு நேரம்.
ஒன்று நேராக வந்து அவள் சன்னலில் மோதியது.
அதைச் சத்தம் என்று சொல்லமுடியாது.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
மனம் மாறிப் போனதுபோல.

கண்ணாடியில் மாவுத் தடம்:
மார்பு, திரும்பிய தலை,
இரு சிறகிலும் எண்ணக்கூடிய இறகுகள்.
என் அச்சில் எதுவுமே இல்லாதவை.

காலுறையோடு பனியில் ஓடினாள்.
ஜெலட்டின் வந்த அட்டைப்பெட்டியில் அதைக் கிடத்தித்
தராசில் வைத்தாள். பழக்க தோஷம்.
பெட்டியைக் கழித்து, "ஐம்பத்தெட்டு" என்றாள் வாய்விட்டு.
யெர்கர் விடவில்லை:
"வேகம் நாற்பது கிலோமீட்டர் இருக்குமா?"
"இருக்கும்."
"ரொம்பக் குறைவு."
"குறைவுதான்," என்றாள்.
"இந்த வேகத்தில் பறவை இன்னும் பறவைதான்."

காபி எடுக்கிற சாக்கில்
ஆறேழு பேர் வந்து பெட்டியைப் பார்த்துப் போனார்கள்.
முக்கால் மணி நேரம்.
பிறகு அட்டையில் நகம் சுரண்டும் ஒலி.

வெளியே கொண்டுபோய்த் திறந்தோம்.
கொண்டை கலைந்திருந்தது.
குடித்துவிட்டு வந்தவன் சாவியைத் தேடுவதுபோல்
விளிம்பில் கொஞ்சநேரம் நின்று
அந்த ரோவன் மரத்துக்கே திரும்பிப் போனது,
வெட்கமே இல்லாமல்.

அன்றும் மூன்று மணிக்குச் சுட்டோம்.
உருளை ஏற்கெனவே உறைந்து தயாராக இருந்தது.

மாலையில் பதிவேட்டைக் கையெழுத்துக்காகப் புரட்டினேன்.
அன்றைய சோதனைக்கு மேலே
பென்சிலில் ஒரு வரி:
எறிபொருள், பட்டுவால், 58 கிராம்.
கண்ணாடிக்குச் சேதமில்லை.
எறிபொருளின் நிலை என்ற கட்டத்தில்
நாங்கள் எப்போதும் கோடு போடுகிற இடத்தில்
'பறந்தது' என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் சீக்கிரம் வந்து
சன்னல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஒட்டினேன்,
ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று,
மாவுத் தடத்தை மட்டும் தொடாமல்,
கட்டைவிரலால்,
அளவுக்கு மீறி அழுத்தாமல்.