இருமல் உள்ள பிரதி

அந்த இசைத்தட்டு என்னிடம் ஐந்து பிரதிகள்.
ஐந்தும் ஒன்றுதானே என்பாள் கோரின்,
சட்டைகளை மடித்தபடி.
இல்லை.

'மார்ச் மாதச் சேறு'.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.
அட்டையில் நான்கு பேர் வேலியோரம் நிற்கிறார்கள்.
மூவர் நம்மைப் பார்க்க
வயலின்காரர் மட்டும் படத்துக்கு வெளியே
எதையோ பார்க்கிறார்.
மாடு என்று நான் முடிவுசெய்து
முப்பது வருடமாகிறது.

முதல் அச்சு என்றால் லேபிள் இளஞ்சிவப்பு.
பாட்டு முடிந்த வெற்று வளையத்தில்
ஆணியால் கீறியதுபோல் ஓர் எண்.
விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
குழந்தையின் தொண்டையைப் பார்க்கும் டாக்டர்போல்
இருக்கிறேனாம் அப்போது.
அதுவும் கோரின் சொன்னதுதான்.

ஊசி இறங்குகிறது.
முதலில் பாட்டு இல்லை, எண்ணெய் காய்கிற சத்தம்.
பிறகு வயலின், அதன் காலடியிலேயே மின்கிதார்;
இருநூறு வயதுக் கதையொன்றைத்
தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பி
மின்சாரத்தின் முன் நிறுத்துகின்றன.
டிரம்ஸ் அவசரப்படுவதில்லை.
கதவை உடைக்க வந்தவன்
கால்மிதியில் சேற்றைத் துடைத்துக்கொள்வதுபோல்
ஒரு மரியாதை.

இரண்டாம் பக்கம். மூன்றாவது பாட்டு.
சிப்பாயின் விதவை ஆற்றங்கரையில் நிற்கிறாள்,
கையில் கூலியில்லை.
என்ன தருவாய், கேட்கிறான் ஓடக்காரன்.
வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன.
மெரியல் டன்ஸ்டர் மூச்சை உள்ளிழுக்கிறாள்.
அந்த இடைவெளியில்
யாரோ இருமுகிறார்கள்.

ஒரே ஓர் இருமல். சின்னது.
அடக்கப் பார்த்துத் தோற்றது.
அதற்குப் பிறகுதான் அவள் பதில் சொல்கிறாள்.

மறு அச்சில் அதை வெட்டிவிட்டார்கள்.
குறுந்தட்டில் சுவடே இல்லை,
ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி அப்படியொரு சுத்தம்.
அங்கே விதவை சட்டென்று பதில் சொல்லிவிடுகிறாள்,
முன்கூட்டியே யோசித்து வந்தவள்போல்.

போன நவம்பரில், டாட்மார்டன் சந்தைக் கூடத்தில்,
ஐந்தாவது பிரதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரும்போது
பித்தளைக் குதிரைகள் விற்கும் ஒருவர்
அட்டையைக் காட்டி,
"அதில் இருமுவது நான்தான்" என்றார்.

க்ளிஃப் ஷட்டில்வொர்த். அன்று வயது பதினைந்து.
பூட்டிப்போட்டிருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஒலிப்பதிவு.
மீன் வறுவலும் சிப்ஸும் ஐந்து பொட்டலம்
கொண்டுபோயிருக்கிறார்.
சிவப்பு விளக்கு எரிந்தது. நில் என்று சைகை வந்தது.
வினிகர் நெடி மூக்கில் ஏறியது.
"அப்புறம்?"
"சிப்ஸ் ஆறிப்போச்சு என்று டிரம்ஸ்காரர் திட்டினார்."
பாட்டை அவர் கேட்டதில்லை.
கேட்ட அக்கா வந்து சொன்னாளாம்,
நீ இருக்கிறாய் என்று.

நம்புவதா?
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்:
ஒருமுறை இருமிக் காட்டுங்களேன்.
தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இருமினார்.
கனத்த, சளி கட்டிய,
ஐம்பது வருட சிகரெட்டின் இருமல்.
சுருதி சேரவே இல்லை.
ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால்
கண்ணை மூடி, முழங்கையை வாய்மேல் அழுத்தி
அடக்கப் பார்த்தாரே, அது –

ஒரு பித்தளைக் குதிரை வாங்கினேன்,
எதற்கென்று தெரியாமல்.

இப்போதெல்லாம் அந்த இடம் நெருங்கும்போது
கோரின் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள்.
"இதோ வருகிறான் உன் பையன்."
வருகிறான்,
சூடாக ஐந்து பொட்டலத்தோடு.
விதவை என்ன பதில் சொன்னாள் என்பதை
மறுபடியும் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.