ஊர் எழுதவில்லை

கேன்டர்பரியிலிருந்து கடிதம்.
மார்ஜரி என்று பெயர், ஓய்வுபெற்ற நர்ஸ்.
உட் என்றொரு லெப்டினன்ட்
பாளையங்கோட்டையில் காய்ச்சலில் போனாராம்,
கல் இருக்கிறதா, படம் எடுத்து அனுப்ப முடியுமா.
தேடுகூலி இருநூறு ரூபாய்க்குப்
பத்து பவுண்டு வைத்திருந்தாள். மீதிக்கு மிட்டாய் வாங்கச் சொல்லி.

அடியில் குடும்பக் கதை, நாலு பக்கம்:
எங்கள் பெயர் உட் இல்லை, துபுவா.
பிரெஞ்சு தேசத்தில் பட்டு நெய்தோம்.
உங்கள் வேதம் உங்களுக்கு என்று
ஒரு ராஜா எழுதிக் கொடுத்ததை
அவன் பேரன் கிழித்துப் போட்டான்.
ஒயின் பீப்பாய்க்குள் குந்தி உட்கார்ந்து
கடல் தாண்டினோம். குழந்தை இருமாமலிருக்க
வாயில் துணி.
கரையில் ஒரு குமாஸ்தா பெயர் கேட்டான்.
துபுவா என்றால் காடு, மரம், அப்படி என்றோம்.
சரி மரம் என்று
அவன் பாஷையில் எழுதிக்கொண்டான்.

நெய்தோம், தாண்டினோம், என்றோம்.
முந்நூறு வருஷம் கழித்தும்
தான் போலவே எழுதுகிறாள்.

மாசிலாமணி கல்லறைத் தோட்டத்திலிருந்து போன் போட்டார்:
'யக்கா, உட்டு தொர மேல
உடமரம்லா மொளச்சிக் கெடக்கு. வெட்டிரவா?'
வெட்டச் சொன்னேன்.
முள் குத்தியதற்குத் தனியாக ஐம்பது கேட்டார்.

பிறகு பதிவேடு.
நாப்தலின் உருண்டையை நகர்த்தி
ராமபாணப் பூச்சியைத் தட்டிவிட்டுத் திறந்தேன்.
காகிதத்துக்குப் பஞ்சமான காலம் போல.
தாளின் முன்பக்கம் அடக்கம், பின்பக்கம் ஞானஸ்நானம்.
அடக்கத்தில் அவர்: உட், வயது இருபத்து நாலு.
மை கனத்த கை, மறுபக்கம் ஊறியிருந்தது.
ஊறிய இடத்தில் இன்னொரு பெயர்.

ஈசாக்கு.
பக்கத்தில் அடித்துவிட்ட எழுத்து,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும்:
இசக்கி.
ஆள் சொன்னது ஒன்று, ஐயர் காதில் விழுந்தது ஒன்று.
அம்மன் போய் ஆபிரகாமின் மகன் வந்துவிட்டான்.
மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு பசு
(பசுவை ஏன் எழுதினார்களோ).
ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு.

எங்கள் அப்பாவின் அப்பாவுக்கு
எட்டுத் தலைமுறை மேலே ஒரு ஈசாக்கு உண்டு.
எங்கள் வீட்டுக் கதை நாலு பக்கம் வராது.
ஓடி வந்த குடும்பம்.
எங்கேயிருந்து?
'ராத்திரியில' என்பார் அப்பா,
அது ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி.

அந்த ஈசாக்கு இவர்தானா, சொல்ல முடியாது.
ஈசாக்கு ஆயிரம் பேர் இந்தச் சீமையில்.

மார்ஜரி இணைத்திருந்த நகல் ஒன்றைக்
கடைசியில்தான் படித்தேன். உட்
தாயாருக்கு எழுதியது:
மண்கோட்டை விழுந்தது அம்மா.
உத்தரவுப்படி தரைமட்டமாக்கி
உழுது ஆமணக்கு விதைத்தோம்.
சனங்கள் இரவோடு இரவாகப் போய்விட்டார்கள்,
எங்கே என்று தெரியவில்லை.
இங்கே வெயில் அதிகம். பாட்டனாரின் பீப்பாயைச்
சில இரவுகளில் நினைக்கிறேன்.

ஏன் நினைத்தான் என்று எழுதவில்லை.
அடுத்த வரியில் காலுறை கேட்டிருக்கிறான்.

கல்லைப் படம் எடுத்து அனுப்பியாயிற்று,
வெட்டிய முள்ளோடு.
பதிவேட்டுப் பக்கத்தையும் அனுப்பினேன்.
மறுபக்கத்தை அனுப்புவதா என்று
இரண்டு நாள் யோசித்து,
அனுப்பினேன். விளக்கம் எழுதவில்லை.
தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது
கேன்டர்பரியில் இருந்தால் இருக்கட்டும்.

இன்று அலுவலகம் பூட்டுமுன்
ரசீதுப் புத்தகம் எடுத்தேன்.
தேடுகூலி ரூபாய் இருநூறு, என் பணம்.
விண்ணப்பதாரர்: ஜெபக்கனி ஈசாக்கு.
தேடும் நபர்: இசக்கி.
ஊர்:

பேனா அங்கேயே நின்றது.
முருகன்குறிச்சிக் கடைசி பஸ்
ஹாரன் அடித்துவிட்டுப் போனது.