அறுபத்தெட்டு

ஓசூர், பாகலூர் சாலை முக்கில்
ஒரு ஷட்டர் அகலக் கடை.
கல்லாவில் கெஞ்சப்பா.
கணக்கைக் கன்னடத்தில் போடுவார்,
பையனைத் தெலுங்கில் திட்டுவார்,
சில்லறை இல்லை என்பதை மட்டும்
சுத்தமான தமிழில் சொல்வார்.

நைட் ஷிப்ட் பஸ் எட்டே முக்காலுக்கு.
எட்டு இருபதுக்கு என் கையில்
பிளாஸ்டிக் வில்லை: அறுபத்தெட்டு.
"வெஜ் சாண்ட்விச். வெங்காயம் வேண்டாம்."
"விரதமாம்மா?" என்றார் பின்னால் நின்றவர்.
"இல்லைங்க, மாஸ்க்."
அவருக்குப் புரியவில்லை.

தூசி நுழையாத அறையில்
எட்டு மணி நேரம்
கண் மட்டும் தெரிய நிற்பவளைக் கேளுங்கள்.
தின்ற வெங்காயம் எங்கும் போவதில்லை.
மூக்குக்கும் துணிக்கும் நடுவே
வாடகை தராமல் குடியிருக்கும்.

சனிக்கிழமைக் கூட்டம்.
பெங்களூரு போகும் கார்க்காரர்
கீழே இறங்காமல்
ஹாரனாலேயே ஆர்டர் சொல்கிறார்.
டெலிவரிப் பையன்கள் நால்வர்
போனை நீட்டி நீட்டி
வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை ஆகிறார்கள்.
ஒரு தகப்பன் ரொட்டியின் ஓரத்தை வெட்டச் சொல்ல,
குழந்தை
வெட்டிய ஓரத்தைத்தான் கேட்டு அழுகிறது.
ரோஜாப் பண்ணையிலிருந்து நேரே வந்த பெண்,
விரலெல்லாம் பிளாஸ்திரி,
சீஸ் போட்டால் எவ்வளவு கூட என்கிறாள்.
இருபது ரூபாய் என்றதும்
சீஸைப் பற்றி எதுவும் கேட்காதவள் மாதிரி
தெருவைப் பார்க்கிறாள்.

"கருகிப்போச்சு" என்று ஒருவர் திருப்பித் தர
கல்லருகே நிற்கும் நவ்ஷாத்
கத்தியால் கரியைச் சுரண்டி
மறுபக்கத்தை மேலே வைத்து
அதையே நீட்டுகிறான்.
"ம், இதுதான் சரி" என்கிறார் அவர்.

எட்டு நாற்பத்து மூன்று.
சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ்
உறுமிக்கொண்டு நிற்கிறது.
பலகைமேல் ஒரு காகிதப் பொட்டலம்,
பேனாவால் எழுதிய அறுபத்தெட்டு.
எடுத்தேன். ஓடினேன்.

சிப்காட் வளைவில் பிரித்தால்
வெங்காயம்.
தக்காளிக்கு மேல் வெங்காயம்,
வெள்ளரிக்குக் கீழ் வெங்காயம்,
யாரோ கேட்டு, கெஞ்சி,
கூடுதலாக வாங்கிய வெங்காயம்.
அப்போதுதான் உறைத்தது:
சதுரப் பொட்டலத்துக்கு
மேல் எது, கீழ் எது?
எண்பத்தொன்பதைத் திருப்பி வைத்தால்
நான்.

பசி. தின்றேன்.

விடிய விடிய
முகம் தெரியாத ஒருவரின் ருசியை
மூச்சாக இழுத்து மூச்சாக விட்டேன்.
அடுத்த மேஜை ஜெசிந்தாவுக்கு
ஒன்றும் தெரியாது.
இவ்வளவு வெங்காயம் தின்கிறவர்
யாரோடும் நெருங்கிப் பேச வேண்டியிராதவரா,
இல்லை,
எப்படி இருந்தாலும் நெருங்கி வர
வீட்டில் ஒருவர் இருக்கிறவரா?
மூன்று மணி வாக்கில்
ஒரு போர்டைத் தப்பாகப் பொருத்திவிட்டு
கழற்றினேன்.

ஞாயிறு மாலை.
"நேத்து எண்பத்தொன்பது வந்து ஒரே சண்டைம்மா"
என்றார் கெஞ்சப்பா.
"ரொட்டிக்குள்ள ரொட்டி வெச்சு வித்திருக்கியானு."
"யாரு அவரு?"
"யாருக்குத் தெரியும்.
அவரும் பஸ்ஸுக்கு ஓடுற ஆளுதான்."

நவ்ஷாத் கத்தியை நிறுத்தி
என்னைப் பார்த்தான்.
இத்தனை மாதத்தில்
அவனாகக் கேட்டது இதுதான் முதல்முறை:
"வெங்காயம்?"

இன்று எனக்கு வார லீவு.
மாஸ்க் ஹாஸ்டல் கொடியில் காய்கிறது.
"போடு."
"எவ்ளோ?"
"நேத்து அவருக்குப் போட்ட அளவு."

பொட்டலத்தில் என் எண் பதினான்கு.
தலைகீழாய்ப் பிடித்தாலும்
வேறு யாரும் ஆகாத எண்.
ஆனாலும் அதன் அடியில்
அழுத்தமாய் ஒரு கோடு
போட்டிருந்தான் நவ்ஷாத்.