மழைப் போத்தல்

வலயத்திலிருந்து வந்த படத்தொகுதியில்
பருவங்கள் நாலு.
ஒரு படத்தில் வெள்ளையாய் ஏதோ கொட்டிக் கிடக்க
"மா" என்றாள் டிலாகினி.
சரி போட்டேன்.

எங்களுக்கு நாலு இல்லை.
பாதை ஓடும் காலம்,
பாதை ஓடாத காலம்.
குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியை ஏற்றி
மண்டூரில் இறக்குகிறவளுக்கு
அதற்குமேல் பிரிக்கத் தெரியாது.

படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

ஆடியில் கச்சான் எழும்பியது.
கரும்பலகையில் எழுதி முடிக்குமுன்
புழுதி வந்து அதை வாசித்துவிட்டுப் போனது.
ஆளுக்கொரு சீலைத்துண்டு நனைத்து
வளவு வேலியில் கட்டினோம்,
யாருடையது முதலில் காயுமென்று.
கபிலேசனுக்குப் பேச்சு இல்லை.
தன் துண்டை அவிழ்ப்பான், தொடுவான், திரும்பக் கட்டுவான்.
பதினோராம் முறை
கொண்டுவந்து என் கன்னத்தில் வைத்தான்.
மொறமொறவென்று இருந்தது.

புரட்டாசி முடிய, வயல்காரர் விதைக்கத் தொடங்க,
நாங்களும் மீன்பேணிகளில் நெல் ஊறப்போட்டோம்.
நாலு பேணியில் முளை.
வேணுஜனின் பேணி வெறுமை.
இரண்டு நாளாக ஊறிய நெல்லை
உமியோடு மென்று தின்றிருக்கிறான்.
பதிவுக் கொப்பியில்
'விளைச்சல்' என்ற நிரலுக்கு நேரே
'வயிற்றில்' என்று எழுதினேன்.

இனி யுகதீபன்.

மழை என்றால் மேசைக்கடியில் போய்விடுவான்.
முழங்கால் நெஞ்சில், இரண்டு கையும் காதில்,
மழை விட்டு ஒரு மணித்தியாலம் போனாலும் வெளியே வரான்.
கார்த்திகைக்குமுன் பழக்கிவிட வேண்டும் என்று
தண்ணீர்ப் போத்தலில் மஞ்சாடி விதையும் குறுணிக்கல்லும் போட்டு
மூடி இறுக்கி, மழை செய்தேன்.
முதல் நாள் வாசலில் நின்று ஆட்டினேன், தூறல் மாதிரி.
மறுநாள் ஓரடி கிட்ட.
பயிற்சியில் சொல்லித்தந்தபடியே எல்லாம்.
மதுசுதா இடியானாள்,
தகரப்பேணியில் கரண்டியால் தட்டி.
அவளை நிறுத்துவதே பெரும்பாடு.

மூன்றாம் கிழமை போத்தலைக் காணவில்லை.
வாகை மரத்தடியில் மண் கிளறிக் கிடந்தது.
யுகதீபனின் நகமெல்லாம் கறுப்பு.
என் மழையைத் தாட்டுவிட்டான்.

பிறகு உண்மையானது வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடம்.
தகரம் அதிர, நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.
குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன்.
இல்லை.
அலுமாரிக்குப் பின்னால், கழிவறையில், எங்கும் இல்லை.

வளவின் நடுவில் நின்றான்,
மரமில்லாத இடமாய்ப் பார்த்து.
முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தான்.
கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

குடை எடுக்க நினைவு வரவில்லை, போனேன்.
அங்கே மழை
மண்ணில் விழுந்தது, புல்லில் விழுந்தது,
என் தோளில் விழுந்தது.
அத்தனை பெரிய மழைக்கு
அவ்வளவு சின்னச் சத்தம்.

ஐந்து மாதம் நான்
மழைக்கு அவனைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.
அவனுக்குத் தகராறு
தகரத்தோடு.

சனிக்கிழமை மூன்று தகப்பன்மாரும்
மதுசுதாவின் தாயும் கிடுகு கொண்டுவந்தார்கள்.
கட்டுக்கயிற்றை நனைத்து நனைத்துக் கொடுத்தது டிலாகினி.
கூரைக்கு மேல் கூரை.
அதிபர் அந்தப் பக்கம் வரவேயில்லை, புண்ணியவான்.

மதிப்பீட்டுப் படிவம் கேட்டது:
'மாணவர் மழைச் சத்தத்தைச் சகித்துக்கொள்கிறார். ஆம் / இல்லை.'
இரண்டையும் வெட்டிவிட்டு
'கூரை' என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.
திரும்பவும் அதையே எழுதினேன்.

மார்கழியில் வாவி ஏறி, பாதையைக் கரையில் கட்டிவிட்டார்கள்.
ஒன்பது நாள் இந்தக் கரையிலேயே நான்.
எங்கள் வீடும் தகரம்.
நாற்பத்தொரு வருசம் இதற்குக் கீழேதான் நித்திரை கொண்டேன்.
இரண்டாம் நாள் இரவு விழித்துக்கொண்டு
காதில் கை வைத்தேன்,
எடுத்தேன்,
வைத்தேன்.