வாரியெலும்புக்கு விறகு

ரப்பர் விறகை முதலிலேயே கழித்துவிட்டேன்.
இருபத்தோரு வருசமாய் ஷீட்டுக்குப் புகை போடுகிறவள் நான்.
அருமனையில் என் புகைப்புரைக்குள் எது போனாலும்
நாலாம் தரத்து ஷீட்டின் வாசத்தோடுதான் திரும்பி வரும்,
என் கல்யாணப் பட்டு உட்பட.

மேல்புறம் சந்தையில் பீர்க்கண்ணு கேட்டார்,
“குழம்புக்கா, பொரிக்கவா?”
“புகைக்கு” என்றேன்.
ஓங்கின கத்தி அப்படியே நின்றது.
“நறுக்காண்டாம். பலகையா வேணும்.
கொழுப்பை விட்டுரும்.”
பத்திரிகையில் சுற்றித் தந்தபோது
பச்சைக் குழந்தையைத் தருவதுபோல
இரண்டு கையாலும் தந்தார்.

உப்பு, முந்தின ராத்திரியே.
நல்லமிளகு, பொடியாக இல்லை,
அம்மியில் ஒருமுறை மிரட்டின அளவுக்கு.
பூண்டு. மல்லி கொஞ்சம்.
மாறாமலைக் கிராம்பு மூன்றே மூன்று,
நாலாவது விழுந்தால்
சாப்பிடுகிறவனுக்குப் பல்வலி ஞாபகம் வரும்.
மஞ்சள் வேண்டாம், புகையில் கசக்கும்.
தேங்காய்க்கு இன்றைக்கு லீவு.
குடம்புளி ஊறின தண்ணீர், அவ்வப்போது தெளிக்க.
கருப்பட்டி கடைசியில்.

இனி விறகு.

புளி: கனல் நிற்கும், ஆனால் புகை முரடு,
சண்டைக்கு வந்த ஆள்போல நாக்கில் உட்காரும்.
கொல்லாமரம்: அதன் பாலை நம்ப முடியாது.
அயனி: ஒரு குற்றமும் இல்லை, ஒரு ருசியும் இல்லை,
எங்கள் வார்டு மெம்பர் மாதிரி.
மாவு நல்ல விறகுதான்,
பக்கத்து வளவில் சாவு விழுந்தால் வெட்டுகிற மரம் அது,
என் மூக்கு அதை மறக்க மாட்டேன் என்கிறது.
சிரட்டை தீ பிடிக்க மட்டும்.

பிலா.
எனக்கு முதலிலேயே தெரியும் பிலாதான் என்று.

மதிலோரம் கிடக்கிறது.
ஒக்கி அடித்த ராத்திரி சரிந்தது,
வேர் அண்ணன் பக்கம், தலை என் பக்கம்.
சர்வே கல்லைக் காணவில்லை.
கல் இருந்த இடத்தில்தான் மரம் நின்றது என்கிறேன் நான்.
மரம் நின்ற இடத்தில் கல்லே இல்லை என்கிறான் அவன்.
கமிஷன் வக்கீல் குடை பிடித்துக்கொண்டு வந்து
கொம்புகளை எண்ணினார்.
பதினேழு. எழுதிக்கொண்டு போனார்.
வரும் செவ்வாய் குழித்துறையில் வாய்தா.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை
பதினேழாவது கொம்பை அறுத்தேன்.
உள்ளே மஞ்சள், இத்தனை வருசம் காய்ந்தும்.

பாதியாய் வெட்டின டிரம், மேலே கம்பி வலை.
முதலில் வெள்ளையாய், கனமாய் வந்தது.
அதில் வைக்கக்கூடாது,
ஷீட்டானாலும் எறச்சியானாலும்.
காத்திருந்தேன்.
புகை மெலிந்து,
இருக்கிறதா இல்லையா என்கிற நீலமானதும் வைத்தேன்.
மூடிமேல் கையை வைத்து ஏழு எண்ண முடிந்தால் போதும்.
ஆறில் கை சுட்டால் காற்றை அடை.

ஐந்து மணிநேரத்தில் எலும்பின் நுனி
வெள்ளையாய் எட்டிப் பார்த்தது.
காற்று மாறி
புகை முழுக்க மதிலைத் தாண்டிப் போனது.
நான் அனுப்பவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்.
“பிலாவா?”
ஆறு வருசத்தில் அவன் என்னிடம் பேசின முதல் சொல்.
வக்கீல் என்ன சொல்லச் சொல்வார் என்று யோசித்தேன்.
“ஆமா” என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, “கருப்பட்டி இப்பவே போட்டியா? கரியுது.”

மூடியைத் திறந்தேன்.
ஓரத்தில் கரிந்துதான் இருந்தது, சவம்.
இவன் சொல்லியா நான் கனலைத் தள்ளணும்
என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.

நிமிர்ந்தபோது
மதில் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது.
வெறும் தட்டு.
வைத்த கையைக் காணவில்லை.

“இன்னும் ஒரு மணிக்கூர் ஆவும்” என்றேன்
தட்டிடம்.