இரண்டாவது மரம்

பரதராமி தாண்டி ஆந்திரப் பக்கம்
மாங்கூழ் ஆலை.
வாசலிலிருந்து செக்போஸ்ட் வரை
டிராக்டர் பின்னால் டிராக்டர்.
எல்லாம் தோத்தாபுரி.
வெயில் கனிய வைப்பதற்குள் எடை போடணும்.
எடைமேடைத் திரையிலோ
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"எறங்காதது லோடா, நெட்டா?"
டிரெய்லர் மேல் நின்று கேட்கிறாள் சின்னபாப்பா.
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் இருமுறை.
தெலுங்கில் இன்னும் கூர்மை.

எனக்கு முன் வந்தவர்கள்
ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.
நான் வேலூரிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்தவள்.
தாளில் மூன்று கட்டம் வரைகிறேன்:
அலுவலகம், குளிர்கிடங்கு, எடைமேடை.
மூன்றையும் இணைத்து முக்கோணமாய் இழை ஓடுகிறது.

எடைமேடையிலிருந்து அலுவலகம் இருநூறு அடி.
நேர் இழை ஒன்று உண்டு.
போட்ட நாளிலிருந்து ஆரஞ்சு விளக்கோடு
சும்மா கிடக்கிறது.
எடைச்சீட்டெல்லாம் குளிர்கிடங்கைச் சுற்றி,
அறுபத்துநாலு கேமராவின் கூட்டத்தில்
நசுங்கி நசுங்கிப் போகிறது.

"அதையும் தொறந்து விட்டுருங்க மேடம்,"
என்கிறார் எடைமேடை வெங்கடமுனி.
திறந்தால் ஒரே சேதி
மூணு மூலையையும் சுற்றிச் சுற்றிக் குட்டிபோடும்.
ஆலையே மூச்சு முட்டும்.
அதனால்தான் பெட்டிகள் தமக்குள் பேசி
சுழல் இல்லாத மரம் ஒன்று வரைந்துகொண்டு
மிச்சக் கிளையைக் கட்டிவைக்கின்றன.

சரி, அந்த மரத்துக்கு வேர் எது?
யாரும் சொல்லாவிட்டால்
சின்ன எண்ணுக்குத்தான் பட்டம்.
சின்ன எண் பெரும்பாலும் பழசு.
தேடிப் போனேன்.
குளிர்கிடங்கை ஒட்டிய கேன்டீன்,
பாபுஜானின் பால்குண்டானுக்கு மேலே,
ஆணியில், ஆவிப்பிசுக்கோடு.
ஆலை இத்தனை நாளும்
இதைக் கும்பிட்டுத்தான் நடந்திருக்கிறது.

ராத்திரி பதினொன்றரைக்குப் பட்டத்தைப் பிடுங்கினேன்.
வி-லேன் இருபத்திரண்டு.
தலைக்கொரு மரம் நட்டால்
இந்தக் கிழட்டுப் பெட்டிகள் கணக்குப் போட்டே களைக்கும்.
இரண்டு போதும்.
கேமராவெல்லாம் ஒன்றில், வேர் குளிர்கிடங்கு.
எடையும் கணக்கும் மற்றதில், வேர் அலுவலகம்.
அதே பெட்டி, அதே இழை.
இந்த மரத்தில் கட்டிய கிளை
அந்த மரத்தில் காய்க்கிற கிளை.

வேலை செய்யவில்லை.

மணி இரண்டு. கொசு.
எடைமேடைப் பெட்டி மற்ற இரண்டையும்
அயல்நாடாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.
மூன்றுக்கும் ஒரே வட்டாரப் பெயர் வேண்டும்,
எழுத்து பிசகக் கூடாது.
ஊர்ப்பெயரையே வைத்திருந்தேன்.
சித்தூருக்கு அங்கே இரண்டு 'ஓ',
இங்கே தூக்கக்கலக்கத்தில் ஒன்று.
எல்லையிலேயே புழங்குகிறவளுக்கு
ஓர் எழுத்து போட்ட எல்லை
தெரியாமல் போச்சு.

இன்னொரு 'ஓ' தட்டினேன்.
ஆரஞ்சு பச்சையானது.
வெங்கடமுனி கைதட்டவில்லை.
நாற்காலியை மேடைப்பக்கம் திருப்பிப் போட்டு
"அடுத்த வண்டி" என்றார்.

மூணாம் நாள் பள்ளம் தோண்டிய ஜேசிபி
அந்த நேர் இழையைக் கடித்துத் துப்பியது.
எடைச்சீட்டுகள் ஒரு மூச்சு நின்று
பழைய சுற்றுவழிக்கே திரும்பின.
நெரிசல்தான், ஆனாலும் போயின.
கேமராக்களின் மரத்தில்
ஓர் இலைகூட அசையவில்லை.

ஜேசிபிக்கு முந்தின நாள்
சின்னபாப்பா மறுபடி வந்திருந்தாள்.
வண்டி ஏறி இறங்கு முன்னே
சீட்டு வந்து விழுந்தது.
நிகர எடை பார்த்தாள்.
கழிவு பார்த்தாள்.
கிலோவுக்கு என்ன விலை என்று பார்த்தாள்.
என்னிடம் நீட்டினாள்:
"இவ்வளவு கம்மியா குடுக்கறதுக்கு
இத்தன அவசரமாம்மா?"

நான் விலைக்கு இழை இழுத்தவள் இல்லை.
அதைச் சொல்லவுமில்லை.
பாபுஜான் டீ நீட்டினார்.
பெட்டி கழன்ற ஆணியில்
இப்போது வடிகட்டி தொங்குகிறது.